நாடி பார்க்கும் செவிலியருக்கு அதிகாரம் வேண்டும்

வேடசந்தூர் நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவருக்கோ, நத்தம் மாந்தோப்புக்குக் கூலி வேலைக்குப் போகிறவருக்கோ, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவருக்கோ திடீரென்று நெஞ்சை அடைத்தால், அவரைத் தொட்டுப் பார்க்கும் முதல் மருத்துவப் பணியாளர் அநேகமாக ஒரு செவிலியராகத்தான் இருப்பார். ஊரிலுள்ள துணை சுகாதார நிலையத்தில் இருப்பவர் அவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு விழித்திருப்பவர் அவர். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தாலும் கட்டிலருகே அதிக நேரம் நிற்பவர் அவர்தான். மதுரைக்கு அனுப்ப வேண்டி வந்தால் இன்னும் 60 கிலோமீட்டருக்கு மேல் சாலை இருக்கிறது. ஆம்புலன்ஸ் அந்த நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முந்தைய நிமிடங்களில் செவிலியர் நாடியை எண்ணி, ரத்த அழுத்தம் பார்த்து, மூச்சைக் கவனித்து என்ன முடிவுக்கு வருகிறார், அந்த முடிவை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள் என்பது உயிரைத் தீர்மானிக்கும் விஷயம். நம் சுகாதாரத் துறை அவர் கையில் கருவியைக் கொடுத்திருக்கிறது, பதிவேட்டைக் கொடுத்திருக்கிறது, அண்மைக் காலமாக மாத்திரையையும் கொடுத்திருக்கிறது. அவர் கண்டு சொல்வதற்குக் கட்டாயமாகப் பதில் கிடைக்கும் என்ற உறுதியையும், ஒழுங்காகக் கண்டு சொல்லத் தேவையான நேரத்தையும் மட்டும் கொடுக்கவில்லை. அவ்விரண்டையும் எழுத்துபூர்வமாகக் கொடுக்க வேண்டும்.

நேரக் கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, போயர்ஸ்மா என்ற நெதர்லாந்து ஆய்வாளரின் குழு 1996இல் லான்செட் இதழில் ஒரு கணக்கை வெளியிட்டது. வலி தொடங்கிய முதல் மணி நேரத்துக்குள் மருந்து ஏறினால் 1,000 பேருக்கு 65 உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கின்றன, இரண்டாவது மணி நேரத்தில் 37, மூன்றாவதில் 26. இந்தியாவில் 20,468 நோயாளிகளைப் பதிவு செய்த கிரியேட் ஆய்வு 2008இல் அதே இதழில் வந்தது. அறிகுறி தொடங்கி மருத்துவமனை வந்து சேர இங்கே ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். வந்து சேர்ந்த பிறகு மருந்து ஏறுவதற்கு 50 நிமிடம். ஆக, ஆறு மணி நேரம் வீட்டிலும் வழியிலும் போய்விடுகிறது. வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் வர ஆறு மணி நேரம் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாயு பிடித்திருக்கிறது என்று சோடா குடித்து, மருந்துக் கடையில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கிப் போட்டு, விடியட்டும் என்று படுத்திருப்பதில் பாதி நேரம் கரைகிறது. போய்ச் சேர்ந்த முதல் இடத்தில் இது இதயமாக இருக்குமோ என்று யாரும் சந்தேகிக்காமல் ஊசி போட்டு அனுப்பிவிடுவதில் இன்னும் கொஞ்சம் கரைகிறது. இந்த இரண்டு கசிவையும் அடைக்கக்கூடிய இடத்தில் இருப்பவர் ஊர்ப்புறச் செவிலியர்.

அளப்பது வேறு, அளந்ததை வைத்து நோயாளியின் நிலையை மதிப்பிடுவது வேறு. நம் வார்டுகளில் முதலாவது நடக்கிறது, இரண்டாவதற்கு இடமில்லை. பதிவேட்டில் ரத்த அழுத்தம் 110/80 என்று இருந்தால் பார்ப்பவர் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவார். வழக்கமாக 160 இருக்கும் ஒருவர் நெற்றி வியர்த்து, கை சில்லிட்டு, நிமிடத்துக்கு 118 நாடித்துடிப்போடு வந்திருந்தால் அதே 110 அவருடைய இதயம் தளர்ந்துகொண்டிருப்பதைச் சொல்கிறது. மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளியும் அப்படித்தான். 96/80 என்று அந்த இடைவெளி ஒடுங்கி, மேல் அளவில் கால் பங்குக்கும் கீழே போனால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் குறைந்திருக்கக்கூடும் என்று எச்சரிக்கை கொள்ள வேண்டும். அளவே தவறாக இருக்கவும் வாய்ப்புண்டு. பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். வெயிலில் நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார விடாமல், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, கையைத் தொங்கப் போட்டபடி அளந்தாலும் கூடும். நாடியைப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது ஒழுங்கான துடிப்புக்குச் சரிவரும்; தாறுமாறாக ஓடும் துடிப்பை அது காட்டிக்கொடுக்காது. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கி, துடிப்பு அப்படித் தாறுமாறானவர்கள் இன்னும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒருவரும் மணிக்கட்டில் விரல் வைத்து இன்னொருவரும் ஒரே நேரத்தில் முழு நிமிடம் எண்ணினால், நெஞ்சில் கேட்கும் துடிப்புகளில் பல கைக்கு வந்து சேராதது தெரியும். மூச்சு எண்ணிக்கையை, புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி என்று ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்று 2008இல் வருத்தத்தோடு குறிப்பிட்டது. எண்ணாமலே எல்லோருக்கும் 18, 20 என்று எழுதிவைக்கும் பழக்கம் உலகம் முழுவதும் உண்டு. உடல்நிலை சரியப்போவதை முன்கூட்டியே சொல்லும் எண்களில் அது முதன்மையானது என்பதால்தான் இந்தப் பழக்கம் கவலைக்குரியது.

இன்னும் சிலவற்றுக்குக் கருவியே தேவையில்லை. நோயாளியைத் தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கவைத்துக் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. கால் முன்னெலும்பின் மேல் சில விநாடி விரலால் அழுத்தி எடுத்துக் குழி விழுகிறதா என்று பார்ப்பது. எழுந்து நடமாடாதவருக்கு அதையே இடுப்பின் பின்புறத்தில் பார்ப்பது. வீக்கம் இரண்டு காலிலுமா ஒரு காலில் மட்டுமா என்று கவனிப்பது. இரு காலிலும் இருந்தால் இதயத்தையோ சிறுநீரகத்தையோ நினைக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் திடீரென்று வந்தால் ரத்தக்கட்டியை நினைக்க வேண்டும். இதயத் தளர்ச்சி உள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினால் அது சதை இல்லை, தேங்கிய நீர். மருந்தைக் கூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடை பார்க்கும் மெஷின் சொல்கிறது. அதை வாரத்துக்கொருமுறையாவது எழுதிவைத்து, போன வார எண்ணோடு ஒப்பிடுகிறவர் வேண்டும்.

இதெல்லாம் பழைய காலத்து வைத்தியம், இப்போது ஈசிஜி இருக்கிறது, எக்கோ இருக்கிறது, ரத்தத்தில் மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் பார்க்கலாம், கையும் கண்ணும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். 1967இல் நியூயார்க்கில் தாமஸ் கில்லிப், ஜான் கிம்பால் என்ற இருவர் மாரடைப்போடு வந்த 250 நோயாளிகளைக் கட்டிலருகே செய்யும் சோதனையால் மட்டுமே நான்கு வகையாகப் பிரித்தார்கள். இதயத் தளர்ச்சியின் அடையாளம் ஏதும் இல்லாதவர்கள் முதல் வகை. நுரையீரலின் அடிப்பகுதியில் நீர்க்கோப்பின் ஒலி கேட்பவர்கள் இரண்டாம் வகை. நுரையீரல் முழுக்க நீர் கோத்தவர்கள் மூன்றாம் வகை. ரத்த அழுத்தம் சரிந்து உடல் சில்லிட்டவர்கள் நான்காம் வகை. மருத்துவமனையில் இறந்தவர்களின் விகிதம் முறையே 6, 17, 38, 81 சதவீதம். ஒரு ஸ்டெதஸ்கோப், ரத்த அழுத்தமானி, தொட்டுப் பார்க்கும் விரல் இவற்றால் செய்த பிரிவு. சிகிச்சை எவ்வளவோ மாறி மரண விகிதமெல்லாம் குறைந்துவிட்ட பிறகும், அந்த வரிசை இன்றும் இதயநோய்ப் பிரிவுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. அதற்குமேல், எந்தப் பரிசோதனையும் யாரோ ஒருவருக்குச் சந்தேகம் வந்த பிறகுதான் எடுக்கப்படுகிறது. டிரோபோனின் ரத்தத்தில் ஏறுவதற்கே நேரம் பிடிக்கும். முதல் ஈசிஜி சரியாக இருந்து அரை மணி நேரம் கழித்து எடுத்ததில் மாரடைப்பு தெரிவதும் வழக்கமே. இரண்டாவது முறை எடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நோயாளியின் முகத்தில் வியர்வை நிற்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தோன்றும்.

கருவிகளை நம்புவதிலும் நமக்கென்று ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தத்தில் உண்மையான ஆக்சிஜன் அளவு 88க்கும் கீழே இருந்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம் என்று 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அது நம் ஊரில் நடந்த ஆய்வு இல்லைதான். ஆனால், தோலின் நிறம் கருவியின் ஒளிக்கணக்கைக் குழப்புகிறது என்றால், திண்டுக்கல் வெயிலில் உழைக்கும் கருத்த மேனிக்கும் அந்தக் குழப்பம் வரலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உதடும் கன்னமும் நீலம் பாரிப்பதைப் பற்றி மேல்நாட்டுப் பாடநூல்கள் எழுதுவது வெளிறிய தோலை மனதில் வைத்து. நம்மவர்களுக்கு நாக்கு, உதட்டின் உட்புறம், கீழிமையின் உட்புறம், உள்ளங்கை, நகக்கண் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். இதைச் செவிலியர் கல்லூரிகளில் தனியாக அழுத்திச் சொல்லித்தர வேண்டும்.

அறிகுறிகளைக் கேட்டறிவது இதைவிடக் கடினம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற ஆணின் உருவம் சினிமாவால் நம் மனதில் ஊறிவிட்டது. ஜீன் மெக்ஸ்வீனி என்ற அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் மாரடைப்பிலிருந்து பிழைத்த 515 பெண்களிடம் கேட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்பின்போது நெஞ்சுவலியே இல்லை என்றவர்கள் 43 சதவீதம். அதற்கு முந்தைய வாரங்களில் வழக்கமில்லாத அசதி இருந்தது என்றவர்கள் 70.7 சதவீதம், தூக்கம் கெட்டது என்றவர்கள் 47.8 சதவீதம். இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு செவிலியர் வர வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். நம் பெண்கள் அசதியாக இருக்கிறது, மேல்மூச்சு வாங்குகிறது, தோள்பட்டை இழுக்கிறது, படபடவென்று வருகிறது என்பார்கள். வீட்டிலும் மருத்துவமனையிலும் அதை ரத்தசோகை என்றோ கவலை என்றோ ஒதுக்குவது சுலபம். தமிழ்நாட்டில் மாரடைப்பு சிகிச்சைக்காக நடந்த பெரிய ஆய்வில் சேர்ந்த 2,420 பேரில் பெண்கள் 16 சதவீதம் மட்டுமே. ஆண்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது உண்மை. வந்து சேராத பெண்கள் எத்தனை பேர் என்ற கேள்வியும் அந்த 16க்குள் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி தெரியாமல் போகலாம். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று ஆங்கிலப் பாடநூல் கேட்கச் சொல்கிறது. பாயில் படுப்பவரிடம் அதற்குப் பதில் இருக்காது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா, நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறதா, போன மாதம் மூச்சு வாங்காமல் தண்ணீர்க் குடம் தூக்கிவந்த தூரத்தை இப்போது தூக்கிவர முடிகிறதா என்று கேட்டால் பதில் வரும். இந்தக் கேள்விகளை நம் மொழியில், நம் வாழ்க்கைக்கு ஏற்ப ஒரு பக்கத்தில் அச்சடித்து எல்லாத் துணை சுகாதார நிலையங்களுக்கும் கொடுத்தாலே பெரிய காரியம்.

ரத்த ஓட்டம் என்றதும் நாம் நெஞ்சோடு நின்றுவிடுகிறோம். திண்டுக்கல் வட்டாரத்தில் காலைப் பார்ப்பதற்குக் காரணம் அதிகம். சுருட்டுக்கும் வாய்ப்புகையிலைக்கும் நீண்ட காலமாகப் பேர்போன ஊர் இது. வேடசந்தூரில் புகையிலைக்கென்று மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே நிறுவப்பட்டது. புகையிலை கால் தமனிகளைச் சுருக்கும். நாற்பது வயதுக்குள்ளேயே பீடி பிடிப்பவர்களின் கால்விரல் கறுத்து அழுகும் பர்கர் நோயை மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிந்திருக்கிறது. நூற்பாலைகளில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் பெண்களுக்கு நரம்புச் சுருட்டலும் கணுக்கால் வீக்கமும் வருகின்றன. சர்க்கரை நோயோடு வெறுங்காலில் வரப்பில் நடக்கும் விவசாயிக்குப் பாதத்தில் புண் இருப்பதே தெரிவதில்லை. பாதத்தின் மேற்புறத்திலும் உள் கணுக்காலின் பின்னாலும் நாடி தட்டுப்படுகிறதா என்று இரண்டு காலிலும் விரல் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஒரு காலில் நாடி கிடைக்காமல், தொட்டால் சில்லென்று இருந்தால், அந்தக் காலை இழக்காமல் இருக்க இன்னும் அவகாசம் இருக்கலாம். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் நம் புறநோயாளிப் பிரிவுகளில் அரிது.

செவிலியர் தொட்டுப் பார்க்கலாம், முடிவெடுப்பது மருத்துவரின் வேலை என்பது இன்னொரு ஆட்சேபம். இதற்குச் சுகாதாரத் துறையே பதில் சொல்லிவிட்டது. 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எட்டு என 14 மாத்திரைகளை நெஞ்சுவலியோடு வருபவருக்கு உடனே கொடுப்பதற்காக ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைத்திருக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால், அந்த 14 மாத்திரைகளும் எல்லா நெஞ்சுவலிக்கும் நல்லதல்ல. பெருந்தமனியின் சுவர் கிழிந்து வரும் வலிக்கும், குடற்புண்ணில் ரத்தம் கசிகிறவருக்கும், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவருக்கும் ரத்தத்தை உறையவிடாத மருந்து கேடு செய்யும். இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்கிறதா, வலி முதுகைக் கிழித்துக்கொண்டு போவதுபோல் திடீரென்று வந்ததா, மலம் கறுத்துப் போனதா, வாய் கோணியிருக்கிறதா என்று பார்த்தபின் கொடுக்க வேண்டியவை அவை. தொலைபேசியில் மருத்துவரைக் கேட்டாலும், அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவர் எதிரில் இருக்கும் செவிலியரே. மாத்திரையை அவரிடம் ஒப்படைத்த நாளிலேயே மதிப்பிடும் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டோம். பொறுப்பை வாய்மொழியாகத் தந்துவிட்டு அதிகாரத்தைத் தராமல் வைத்திருப்பது நியாயமில்லை. தவறு நடந்தால் பழி அவர் மேல்தான் விழும்.

இது புதிதாகக் கிளப்பும் வாதமும் இல்லை. 1962இல் பிலடெல்பியாவின் பிரஸ்பிடீரியன் மருத்துவமனையில் லாரன்ஸ் மெல்ட்சர் என்ற மருத்துவரும் ரோஸ் பின்னியோ என்ற செவிலியரும் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியபோது, திரையில் ஓடும் துடிப்பைப் படித்து, ஆபத்தான தாளம் வந்தால் மருத்துவருக்காகக் காத்திராமல் மின்னதிர்ச்சி கொடுக்கச் செவிலியர்களைப் பயிற்றினார்கள். இதயம் நின்றபின் மருத்துவர் மாடிப்படி ஏறி வரும்வரை மூளை பொறுக்காது என்ற எளிய உண்மைதான் காரணம். அவர்கள் 1965இல் செவிலியர்களுக்காகவே ஒரு கையேட்டை வெளியிட்டார்கள். உலகெங்கும் இதய வார்டுகள் அந்த வழியில் வளர்ந்தன. இந்தியச் செவிலியர் குழுமம் 2021இல் அறிவித்த பி.எஸ்சி. பாடத்திட்டம், உடல்நிலையை மதிப்பிடுவதை இரண்டாம் பருவத்திலேயே தனிப் பாடப்பகுதியாக வைத்திருக்கிறது. கல்லூரியில் நெஞ்சொலி கேட்கக் கற்றுக்கொண்டு வரும் பெண், வார்டில் சேர்ந்த சில மாதங்களில் ஸ்டெதஸ்கோப்பை ரத்த அழுத்தம் பார்க்க மட்டுமே எடுக்கிறார் என்றால், கற்ற திறமையை நாமே மழுங்கடிக்கிறோம்.

தமிழ்நாட்டுச் சான்றும் இருக்கிறது. சற்று முன் சொன்ன 2,420 பேர் ஆய்வு, கோவையைச் சேர்ந்த தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையைச் சேர்ந்த அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்தி, 2017இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்தது. சிறு மருத்துவமனைகளை ஒரு பெரிய மையத்தோடு கோத்து, ஈசிஜியை உடனே அனுப்பி, ஆம்புலன்சையும் காப்பீட்டையும் அதில் இணைத்தபோது, ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். ரத்தக் குழாய்ப் படம் எடுக்கப்பட்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமானார்கள். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. முதல் இடத்தில் கண்டது கடைசி இடத்துக்கு உடனே போய்ச் சேர்ந்தது. நாள்பட்ட நோயிலும் இதேதான். 2020இல் நடந்த மாநில அளவிலான ஆய்வில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி வீட்டு வாசலுக்கே ஆள் போன பிறகு, அடுத்த சுற்று ஆய்வில் அது 17 சதவீதமானது. ஏற்றம்தான், இன்னும் ஆறில் ஐந்து பேர் வெளியே இருக்கிறார்கள். வீட்டுக்கு வருபவர் மாத்திரை கொடுப்பதோடு, கால் வீக்கத்தையும் மூச்சையும் பார்த்து, மாற்றம் கண்டால் மேலே சொல்லவும் வழி இருந்தால்தான் அடுத்த படி ஏறலாம்.

ஆட்சேபங்களில் வலுவானது, நேரமும் ஆளும் எங்கே என்பதுதான். இதை மறுக்க முடியாது. ஒரு நோயாளியைத் தலை முதல் கால்வரை ஒழுங்காகப் பார்க்கப் பத்து நிமிடமாவது வேண்டும். நாற்பது பேர் இருக்கும் வார்டில் ஒருவரோ இருவரோ என்ன செய்ய முடியும்? லிண்டா எய்கென் என்ற செவிலிய ஆய்வாளரின் குழுவினர் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் 4,22,730 நோயாளிகளை ஆராய்ந்து 2014இல் லான்செட்டில் எழுதினார்கள்: ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நம் செவிலியர் குழுமத்தின் நெறிமுறை, பொது மருத்துவமனையின் வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியரையும் போதனா மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவரையும் கேட்கிறது. திண்டுக்கல் மாவட்டத் தலைமை மருத்துவமனை, 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றின் போதனா மருத்துவமனையாக மாறிய நாளிலிருந்து இந்த இரண்டாவது அளவுகோல்தான் அதற்குப் பொருந்தும். கல்லூரிக் கட்டடமும் மாணவர் இடங்களும் வந்த வேகத்தில் செவிலியர் பணியிடங்களும் வர வேண்டும் என்று கேட்பது இந்த மாவட்ட மக்களின் உரிமை. 2015இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்களை வேலைக்கு எடுத்து, அவர்கள் பணிநிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்காரும் நிலைக்குத் தள்ளியது இந்த மாநிலம். அப்படி நடத்தப்பட்டவரிடம், மருத்துவரை நள்ளிரவில் எழுப்பி ‘இந்த நோயாளி சரியில்லை, உடனே வாருங்கள்’ என்று சொல்லும் துணிவை எதிர்பார்ப்பது எப்படி? பணிப் பாதுகாப்பும் நோயாளியின் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

சந்தேகப்படும் எல்லோரையும் மேலே அனுப்பினால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை தாங்குமா என்றும் கேட்பார்கள். இப்போதுதான் பயத்தில் எல்லோரையும் அனுப்புகிறோம். முழுமையாகப் பார்த்துப் பதிவு செய்தால், யாரை ஐந்து நிமிடத்தில் அனுப்ப வேண்டும், யாரை இங்கேயே வைத்து இரண்டாவது ஈசிஜி எடுக்கலாம், யாருக்கு உண்மையிலேயே வயிற்றுக் கோளாறு என்று பிரிக்க முடியும்.

என்ன செய்யலாம்? மியாமியில் நடந்து 1990இல் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவமனைக்குள் இதயம் நின்றுபோன 64 நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டியது. 84 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள்ளேயே நிலைமை மோசமாவதற்கான அடையாளங்கள் பதிவாகியிருந்தன. இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறை. மூச்சு, ஆக்சிஜன், நாடி, ரத்த அழுத்தம், வெப்பநிலை, உணர்வுநிலை ஆகியவற்றுக்கு எண் போட்டு, கூட்டுத்தொகை 5ஐத் தொட்டால் மருத்துவர் விரைந்து வந்து பார்க்க வேண்டும்; 7ஐத் தொட்டால் அவசரக் குழு வர வேண்டும். ஆட்சேபிப்பவர்கள் ஆஸ்திரேலியாவில் 23 மருத்துவமனைகளில் நடந்து 2005இல் வெளியான மெரிட் ஆய்வைக் காட்டுவார்கள்: அவசரக் குழு வைத்தும் மரணம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆய்வின் உள்ளே போய்ப் பார்த்தால், எச்சரிக்கை எல்லையைத் தொட்ட பலருக்கும் அழைப்பே போகவில்லை. முறை தோற்றது அழைக்காததால். ஆகவே திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களும் ஓர் எழுத்துபூர்வ ஆணைக்கு உட்பட வேண்டும். குறிப்பிட்ட எல்லையைத் தொட்டால் செவிலியர் அழைக்கலாம் என்று அந்த ஆணை இருக்கக் கூடாது. அழைத்தே ஆக வேண்டும், அழைத்தால் குறித்த நிமிடங்களுக்குள் மருத்துவர் வந்தே ஆக வேண்டும் என்று இருக்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்று வருபவருக்கு மருத்துவர் சொல்லும்வரை காத்திராமல் ஈசிஜி எடுக்கும் உரிமையைச் செவிலியருக்கு அது தர வேண்டும். அழைத்தது தேவையற்றதாகிப் போனாலும் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இப்படி ஒரு முயற்சிக்கு இந்த மண் புதிதும் இல்லை. டாக்டர் டி.எஸ். சௌந்தரம் 1947இல் நிறுவிய காந்திகிராமத்திலிருந்து, 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. ஊர்ப்புறச் சுகாதாரப் பணியாளரின் வேலை என்ன, யார் மேற்பார்வை, எதை எப்படிப் பதிவது என்று நுணுக்கமாக வகுத்துச் செய்து காட்டிய அந்த அனுபவம் குடும்பநலத் திட்டத்துக்கு நாடு முழுவதும் பாடமானது. அம்பாத்துரையில் அந்தத் திட்டத்திலிருந்து வளர்ந்த நிறுவனம் இன்றும் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. இதயத்தையும் ரத்த ஓட்டத்தையும் மதிப்பிடும் பயிற்சியை அதனிடமும் மருத்துவக் கல்லூரியின் செவிலியர் பிரிவிடமும் சேர்த்து ஒப்படைத்து, ஒரு வட்டாரத்தில் தொடங்கி, ஓராண்டுப் பதிவுகளை மக்கள் முன் வைக்கலாம். மாவட்ட ஆட்சியரும் கல்லூரி முதல்வரும் சுகாதாரத் துறை அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடிய காரியம் இது, தள்ளிப்போடக் காரணமில்லை.

வாசகர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கும் தோளுக்கும் இழுக்கும் வலியோ, காரணமில்லாத வியர்வையோ, புதிதாக மூச்சு வாங்குவதோ சில நிமிடங்களுக்குமேல் நீடித்தால் சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்து அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே செவிலியர் உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து முழு நிமிடம் எண்ணினால், காலை அழுத்திப் பார்த்தால், ஏன் இவ்வளவு நேரம் என்று அவசரப்படுத்தாதீர்கள்.